நொய்யல் கரை நிலத்துக்கு இலவசமாக வரும் ‘நிரப்பு மண்’: வாங்கலாமா?

கேள்வி: நொய்யல்கரை

அனைவருக்கும் வணக்கம். நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணைக்கு அருகே, கொடுமணல் பக்கத்தில் எங்களுக்கு நாலரை ஏக்கர் நிலம் இருக்கிறது. மாமனார் காலத்தில் மஞ்சளும் வாழையும் விளைந்த பூமி. இப்போது தென்னையும் கொஞ்சம் தீவனப்புல்லும் மட்டுமே நிற்கின்றன. தென்னையிலும் ஓலை நுனி காய்ந்து சுருண்டு கொண்டே வருகிறது. தண்ணீர் பாய்ச்சிய இரண்டாம் நாள் வரப்போரத்தில் வெள்ளையாகப் பொரிந்து நிற்பதைக் கையால் வழித்தெடுக்கலாம். கிணற்றுத் தண்ணீரின் டி.டி.எஸ். அளவை (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு, மில்லிகிராமில்) போன வாரம் பார்த்தபோது 3,000-ஐத் தாண்டியிருந்தது.

நிலத்தின் மேற்கு மூலையில் வற்றிப்போன பழைய கிணறு ஒன்று இருக்கிறது. ஆழம் அறுபது அடி. பேத்தி ஓடி விளையாடும் வயது என்பதால் அதை மூடிவிட வேண்டும் என்று நினைத்திருந்தோம். அந்தச் சமயத்தில் லாரி வைத்திருக்கும் ஒருவர் வந்து, மண்ணும் வாடகையும் இலவசம், ஒரு பைசா வேண்டாம், நாற்பது லோடு கொட்டி மூடித் தருகிறேன் என்றார். மாதிரிக்குக் கொண்டு வந்ததைப் பார்த்தேன். சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம், வறட்டியைப் போலத் தட்டையான பாளங்கள், உள்ளே இன்னும் ஈரம். சாயக்கழிவுச் சுத்திகரிப்பில் வருவதுதான், சுண்ணாம்பு கலந்திருப்பதால் நிலத்துக்கு நல்லதே என்று சொல்கிறார்.

எனக்கு இரண்டு சந்தேகங்கள். முதலாவது, அது உண்மையில் என்ன பொருள், அதைக் கிணற்றில் கொட்டலாமா? இரண்டாவது, 2011-இல் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி, பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு திறந்த பிறகு ஆற்றில் முன்போலக் கலர் தண்ணீர் ஓடுவதில்லை. இத்தனை வருடம் கழித்தும் எங்கள் கிணறு ஏன் உப்பாகவே இருக்கிறது? தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: பழைய ஆபரேட்டர்

வணக்கம் அம்மா. முதலில் ஒரு வார்த்தை: அந்த லாரியை நிலத்துக்குள் விடாதீர்கள். மற்றதைப் பிறகு நிதானமாகப் படிக்கலாம்.

நான் திருப்பூர் வட்டாரத்தில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பதினொரு வருடம் வேலை பார்த்தவன். நீங்கள் சொல்லும் வறட்டிப் பாளம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். ஃபில்டர் பிரஸ் என்ற இயந்திரத்தில் துணிகளுக்கு நடுவே கசடை நெருக்கிப் பிழிந்து, தட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கும்போது அது பொத்தென்று அப்படித்தான் விழும். அதன் முறையான பெயர் இரசாயனக் கசடு. நாங்கள் ‘ஸ்லட்ஜ்’ என்போம். சாயம், துணியிலிருந்து கழிந்த பஞ்சு, கழிவுநீரைத் தெளியவைக்கச் சேர்த்த சுண்ணாம்பும் இரும்பு உப்பும், உயிரியல் தொட்டியில் செத்த நுண்ணுயிர்கள் எல்லாம் சேர்ந்த பிழிசல் அது. சில சாயங்களில் உலோகமே மூலக்கூறின் நடுவில் இருக்கும். டர்க்காய்ஸ் நீலம் என்று கேட்கிறார்களே, அதில் இருப்பது செம்பு. சுண்ணாம்பு இருப்பது உண்மைதான். ஆனால் அது வீட்டுக்கு வெள்ளையடிக்கும் சுண்ணாம்பல்ல, அழுக்கைப் பிடித்துக்கொண்டு அடியில் உட்கார்ந்த சுண்ணாம்பு.

சாயத் தொழிலில் உப்பு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும். பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் துணியை முக்கும் சாயக் குளியல் நீரில் லிட்டருக்கு 30 முதல் 90 கிராம் வரை சாப்பாட்டு உப்போ கிளாபர் உப்போ (சோடியம் சல்பேட்) போட வேண்டும். இந்த உப்பு சாயத்தைத் துணியின் பக்கம் தள்ளிவிடுமே தவிரத் தானாகச் செலவாகாது. போட்டது போட்டபடி கழிவுநீரில் வெளியே வந்துவிடும். ஒரு கிலோ துணிக்கு ஆறு லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வைத்தால் கிலோவுக்கு 360 கிராம். ஒரு டன் அடர்நிறத் துணி வெளுக்காமல் கடைக்குப் போவதற்காக 360 கிலோ உப்பு இந்த ஊரில் தங்கிவிடுகிறது.

2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் பூஜ்ஜியக் கழிவு வெளியேற்றம் என்று உத்தரவிட்டது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் நடத்திய வழக்கு அது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதன் பிறகும் கழிவுநீர் ஆற்றில் ஓடியதால்தான் 2011 ஜனவரி 28-இல் எல்லாப் பட்டறைகளையும் மூடும் உத்தரவு வந்தது. இப்போதுள்ள முறையில் கழிவுநீரை நுண்ணுயிர் தொட்டியில் தெளிவித்து, வடிகட்டி, ஆர்.ஓ. சவ்வுக்குள் தள்ளுகிறோம். பெரும்பகுதி நல்ல தண்ணீராகி மறுபடி பட்டறைக்கே போகிறது. மிஞ்சும் அடர்ந்த உப்பு நீரில் ஒரு பங்கு நேராகச் சாயக் குளியலுக்குத் திரும்புகிறது. மற்றதை நீராவியில் சுண்டக் காய்ச்சிக் குளிர வைத்தால் கிளாபர் உப்பு கற்கண்டு போலத் தனியாகப் பிரிந்து வரும், அதையும் திரும்பப் பயன்படுத்தலாம். கடைசியில் எதற்கும் உதவாத, நிறம் ஏறிய, ஈரத்தை இழுத்துக் கசியும் கலவை உப்பு ஒன்று மிஞ்சும். தண்ணீரில் இருந்த கேடு அழியவில்லை. ஒரு பங்கு கசடாகவும் ஒரு பங்கு கலவை உப்பாகவும் மூட்டைக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இந்த மூட்டைகள் கூரைக்குக் கீழே, கசியாத தரையில் இருக்கும் வரையில்தான் ஆறு பிழைக்கும்.

சட்டப்படி இந்தக் கசடு அபாயகரமான கழிவு. 2016-ஆம் ஆண்டு அபாயகரமான கழிவு விதிகளின் முதல் அட்டவணையிலேயே கழிவுநீர்ச் சுத்திகரிப்பின் இரசாயனக் கசடு இருக்கிறது. பொதுவாக 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. அனுமதி பெற்ற பாதுகாப்பான நிலநிரப்பலுக்கோ, சிமெண்ட் ஆலைச் சூளைக்கோதான் போக வேண்டும். லாரியில் ஏறும்போதே படிவம் 10 என்ற சரக்குச் சீட்டு ஏழு நிறப் பிரதிகளோடு கூட வர வேண்டும். அந்தச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாது, ஏனென்றால் எந்தச் சீட்டிலும் சேரும் இடம் ‘கிணறு’ என்று எழுத முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த விதிகளில் பொறுப்பாளர் என்ற சொல்லுக்குள் அபாயகரமான கழிவைத் தன் வசம் வைத்திருப்பவரும் அடங்குவார். நாற்பது லோடு உங்கள் கிணற்றுக்குள் இறங்கிய பிறகு லாரிக்காரரைத் தேடினால் கிடைக்க மாட்டார். கேள்வி உங்களிடம் வந்து நிற்கும்.

பதில் 2: சாயப்பட்டறை மேலாளர்

மேலே எழுதிய நண்பர் சொன்னதில் தவறில்லை. ஆனாலும் எங்கள் பக்கத்திலிருந்தும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். 2011-இல் பட்டறை மூடியபோது எங்கள் ஊரில் எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை நேரில் பார்த்தவன் நான். அதன் பிறகு கடன் வாங்கி, அரசின் வட்டியில்லாக் கடனும் பெற்று, ஆவியாக்கும் கலன்களை நிறுவி, ஒவ்வொரு லிட்டருக்கும் செலவு செய்து சுத்திகரிக்கிறோம். அப்படி ஒழுங்காக நடத்துபவர்களின் பெயரும் சேர்ந்து கெடுவது வருத்தமாக இருக்கிறது.

நொய்யலில் இன்று ஓடும் அழுக்கில் வீட்டுச் சாக்கடையின் பங்கு பெரியது. கோயம்புத்தூரிலிருந்து வரும் வழியெல்லாம் ஊர்களின் கழிவுநீர் கலக்கிறது. இதற்கு மேல், அனுமதி இல்லாமல் வாடகைக் கொட்டகையில் பட்டனுக்கும் ஜிப்புக்கும் சாயம் போடுபவர்கள், இரவில் மழை வந்தால் தொட்டியைத் திறந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினர்களே அல்லர். அம்மாவிடம் வந்த லாரிச் சரக்கும் அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்திருக்கலாம்.

கசடு தேங்குவதற்கு ஒரு காரணத்தை வெளியே யாரும் பேசுவதில்லை. சிமெண்ட் ஆலை எல்லாக் கசடையும் எடுத்துக்கொள்ளாது. சூளைக்குள் 1,400 டிகிரிக்கு மேல் வெப்பம் இருப்பதால் சாயமெல்லாம் எரிந்துவிடும், சுண்ணாம்பு அவர்களுக்கே பயன்படும். ஆனால் குளோரைடு அதிகமானால் சூளையின் வழிகளில் அடைப்பு விழும். ஆகவே உப்பைச் சரியாகக் கழுவிப் பிழியாத கசடையும், ஈரம் மிகுந்த கசடையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திருப்பி வந்த மூட்டையை வைக்க இடமில்லாதவர் ‘நிரப்பு மண்’ என்று பெயர் மாற்றுகிறார். என் கருத்தில் தீர்வு சாயத்தொட்டியிலேயே தொடங்க வேண்டும். குறைந்த உப்பில் ஏறும் சாயம், குறைந்த தண்ணீரில் ஓடும் எந்திரம், உப்பு நீரை மீண்டும் குளியலுக்கே கொடுப்பது ஆகிய மூன்றையும் செய்த பட்டறைகளில் மூட்டைகளின் எண்ணிக்கை கண்ணெதிரே குறைந்திருக்கிறது.

பதில் 3: மண்ணும் நீரும்

அம்மாவின் இரண்டாவது கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியும். வேளாண் ஆய்வகத்தில் மண், நீர் மாதிரிகளைப் பார்ப்பது என் வேலை.

ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பாசனத்துக்காகத் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அதில் தேங்கியது பெரும்பாலும் சாயநீர்தான் என்பதால், பாசனம் கேட்டுப் போராட வேண்டிய விவசாயிகள் தண்ணீர் வேண்டாம் என்று போராடும் நிலை வந்தது. தேங்கிய காலம் முழுவதும் அந்த நீர் அணையின் அடியிலும் ஆற்றுப் படுகையிலும் இறங்கிக்கொண்டே இருந்தது. உங்கள் பகுதி கடினப் பாறைப் பகுதி. நிலத்தடி நீர் பாறையின் வெடிப்புகளிலும் மேலே நைந்த அடுக்கிலும்தான் நிற்கும். மணற்பாங்கான ஆற்றுச் சமவெளியைப் போல வேகமாக ஓடிக் கழியாது. மழையும் குறைவு. ஆற்றில் நிறம் மறைந்துவிட்டது. பாறை வெடிப்புக்குள் போன உப்புக்கு வெளியேறும் வழி கிடைக்கவில்லை.

நாமே அந்த உப்பைச் சுற்றிச் சுற்றி வர வைக்கிறோம் என்பது அடுத்த செய்தி. ஒரு ஏக்கருக்கு இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர். டி.டி.எஸ். 3,000 என்றால் லிட்டருக்கு 3 கிராம். ஒரே பாசனத்தில் 600 கிலோ, அதாவது பன்னிரண்டு ஐம்பது கிலோ மூட்டை உப்பை நிலத்தில் தூவுகிறீர்கள். தண்ணீரைத் தென்னையும் வெயிலும் எடுத்துக்கொள்கின்றன. உப்பில் கொஞ்சம் வரப்போரத்தில் வெள்ளையாகப் பொரிகிறது, மீதி அடுத்த மழையில் மறுபடி கிணற்றுக்கே இறங்குகிறது.

இதில் உப்பைவிடச் சோடியம் பெரிய தொல்லை. களிமண் துகள்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கால்சியத்தைத் தள்ளிவிட்டுச் சோடியம் அந்த இடத்தில் உட்கார்ந்தால் மண்ணின் கட்டுமானம் குலைந்துபோகும். ஈரத்தில் சேறாக வழுக்கும், காய்ந்தால் ஓடு போல இறுகும், தண்ணீர் உள்ளே இறங்காது. வெறும் டி.டி.எஸ். அளவியை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். மண்ணில் மின்கடத்துதிறன், கார அமில நிலை, பரிமாற்றச் சோடிய விழுக்காடு ஆகியவற்றையும், நீரில் சோடியம் ஈர்ப்பு விகிதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சோடியம் மிகுதி என்று வந்தால், ஆய்வகம் சொல்லும் அளவு ஜிப்சத்தைப் பருவமழைக்கு முன் இட்டு, பாத்தி கட்டி, மழைநீரை நிலத்திலேயே நிறுத்தி, பிறகு வடிகால் வழியே வெளியேற்ற வேண்டும். ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தைக் கிளப்பிவிடும். கிளம்பியதைக் கழுவி வெளியேற்ற நல்ல தண்ணீர் வேண்டும், அது உங்களுக்கு வானத்திலிருந்து மட்டுமே கிடைக்கும். அடுத்து தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் முன் மடக்கி உழுங்கள், உவர் நிலத்திலும் அது வளரும். இரண்டு மூன்று பருவத்தில் மேல்மண் ஓரளவு இளகும். கிணற்று நீர் அவ்வளவு சீக்கிரம் மாறாது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பழைய கிணற்றை மூடுவதைப் பற்றி மறுபடியும் யோசியுங்கள். வடிகட்டும் குழி ஒன்றை வெட்டி, ஓடைக்கல்லும் மணலும் போட்டு, மேட்டு நிலத்து மழைநீரை அதன் வழியாக அந்தக் கிணற்றில் இறக்கினால் உங்கள் நிலத்தில் உப்பின் அடர்த்தியைக் குறைக்க இருக்கும் மிகக் குறைந்த செலவுள்ள வழி அதுதான். பேத்திக்காகச் சுற்றுச்சுவரும் இரும்புக் கம்பி மூடியும் போடலாம். அதே கிணற்றில் கசடைக் கொட்டினால், மேல்மண்ணின் தடுப்பு எதுவும் இல்லாமல் நிலத்தடி நீருக்கு நேராகக் குழாய் வைத்து நஞ்சை ஊற்றுவதற்குச் சமம். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலையின் வளாகத்தில் 2 லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு திறந்த மேடாகக் கிடந்து, ஒவ்வொரு மழைக்கும் மஞ்சளாகக் கரைந்து நிலத்தடியில் இறங்கியது. தொழிற்சாலை நின்றுவிட்டால் கழிவின் வேலையும் நின்றுவிடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பிடித்து வைத்த மழைநீர் ஒரு லிட்டரில் அந்தப் பாளத்தில் ஒரு பிடியை இரவு முழுவதும் ஊறவைத்து, தெளிந்த நீரில் அளவியை வையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பதில் 4: பாறைக்குழிப் பக்கத்து வீடு

கேள்வி கேட்ட அக்காவுக்கு என் அனுபவத்தையும் சொல்லத் தோன்றுகிறது. எங்கள் வீட்டிலிருந்து முந்நூறு அடியில் கல் வெட்டி முடித்த பாறைக்குழி ஒன்று இருக்கிறது. குழி நிரம்பினால் மாடு கன்று விழாமல் இருக்கும் என்று சொல்லித்தான் குப்பை கொட்டத் தொடங்கினார்கள். முதலில் கட்டட இடிபாடு, பிறகு கடைத்தெருக் குப்பை, அதன் பிறகு எது வருகிறது என்று பார்க்க யாரும் நிற்கவில்லை. அழுகிய காய்கறிக்குள்ளேயே டியூப்லைட், பேட்டரி, நாப்கின், பனியன் வெட்டுத்துணி எல்லாம் கிடந்தன. இரண்டாவது மழைக்காலத்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்தது. மூடி வைத்த குடத்தைத் திறந்தால் ஒரு புளித்த வாடை முகத்தில் அடிக்கும். கோடையில் குப்பைக்குள் தானாகத் தீப்பிடித்து மூன்று நாள் புகைந்தது. வெளியே தண்ணீர் ஊற்றினாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும்.

சட்டப்படியான குப்பை நிலநிரப்பலில் அடியில் களிமண்ணும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பும் போட்டு, கசிநீரைக் குழாயில் பிடித்துச் சுத்திகரிக்க வேண்டும், மக்கும் குப்பை அங்கே வரவே கூடாது என்று பிறகுதான் தெரிந்துகொண்டோம். பாறைக்குழியில் விரிப்பும் இல்லை, குழாயும் இல்லை. வெடி வைத்து உடைத்த பாறை என்பதால் வெடிப்பு மட்டும் எல்லாப் பக்கமும் இருக்கிறது.

என் மனதை மிகவும் வருத்துவது அந்த வெட்டுத்துணிதான். உலர்ந்த, சுத்தமான பருத்தி வெட்டுத்துணியைக் கழிவுப்பஞ்சில் நூல் நூற்கும் மில்கள் காசு கொடுத்து வாங்குகின்றன. பனியன் கம்பெனியில் வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு சாக்கைத் தனியாகக் கட்டினால் போதும். சாப்பாட்டு இலையோடு ஒரே சாக்கில் போட்டதால் அது குழிக்கு வந்தது. எங்கள் தெருவில் பெண்கள் சேர்ந்து மக்குவதையும் மக்காததையும் வீட்டிலேயே பிரித்துத் தூய்மைப் பணியாளரிடம் தனித்தனியாகக் கொடுக்கத் தொடங்கினோம். சக்கர வண்டியில் இரண்டு டிரம்மும் ஒன்றாகிவிடாமல் நாங்களே கூட நடந்து போய்ப் பார்த்தோம். மனு எழுதி, கிணற்று நீரின் ஆய்வு முடிவை இணைத்து மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்த பிறகு லாரிகள் நின்றன. கொட்டியது இன்னும் உள்ளேயே இருக்கிறது.

அக்கா, உங்கள் கிணறு இன்னும் காலியாக இருக்கிறது. எங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லாமல் போயிற்று.

கேள்வி கேட்டவரின் பதில்: நொய்யல்கரை

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஒவ்வொருவர் எழுதியதையும் வீட்டுக்காரருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மேலாளர் தம்பி சொன்னதும் நியாயமாகவே பட்டது. எங்கள் மகனே பனியன் கம்பெனியில்தான் வேலை செய்கிறான், எங்களுக்கு அந்தத் தொழில் மீது பகை இல்லை.

சொன்னபடி சோதனை செய்து பார்த்தேன். ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் பிடித்த மழைநீரில் அளவி 40 காட்டியது. பாளத்தை ஊறவைத்த பாத்திரத்தில் காலையில் மேலே தெளிந்து நின்ற நீர் மங்கிய ஊதா நிறமாக இருந்தது. அளவி 6,800 காட்டியது. ஒரு பிடிக்கே அவ்வளவு. அந்த நீரைக் கீழே கொட்ட மனம் வராமல் பாத்திரத்தை மூடித் தகரக் கொட்டகையில் வைத்திருக்கிறேன். அதை யாரிடம் ஒப்படைப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லாரிக்காரர் சனிக்கிழமை போன் செய்தார். படிவம் 10 சீட்டைக் கொண்டு வாருங்கள், பிறகு பேசலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். அந்தப் பெயரைக் கேட்டதும், உங்களுக்கு வேண்டாம் என்றால் பரவாயில்லை, பக்கத்துத் தோட்டத்தில் கேட்கிறேன் என்று வைத்துவிட்டார். அன்று மாலையே பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடமும், அதற்கு அடுத்த இரண்டு தோட்டத்திலும் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தோம். அவர்களில் ஒருவர், கிழக்கே ஒரு பழைய கிணற்றில் போன மாதமே இரவில் ஏழெட்டு லோடு இறங்கியதைப் பார்த்ததாகச் சொன்னார். வண்டி எண்ணையும் தேதியையும் எழுதி வைத்திருக்கிறார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்கும் ஆட்சியருக்கும் ஒன்றாக மனு கொடுக்கலாம் என்று பேசியிருக்கிறோம். மனுவில் எதை எதை எழுத வேண்டும் என்று பாறைக்குழிப் பக்கத்துத் தங்கை சொன்னால் உதவியாக இருக்கும்.

மண் மாதிரியை நான்கு இடத்தில், வி வடிவத்தில் வெட்டி எடுத்துத் துணிப்பையில் கட்டிவிட்டேன். திங்கட்கிழமை ஆய்வகத்துக்குப் போகிறது. கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பக் கொத்தனாரிடம் சொல்லியாயிற்று. மழைநீர் இறக்கும் குழிக்கு எத்தனை அடி அகலம், எத்தனை அடி ஆழம் வேண்டும் என்று அவர் கேட்கிறார். மேட்டு நிலம் ஒன்றரை ஏக்கர், சரிவு மேற்குப் பக்கம்.